விடிகாலை இருமல்

என் பெரியப்பா எழுந்ததும் திண்ணையில் உட்கார்ந்து இருமுவார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கட்டிகட்டியாகச் சளி வரும்வரை இருமுவார். பிறகு ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கிவிடும். "பாத்தியா, இதை இழுத்தாத்தான் நெஞ்சு லேசாகுது" என்பார். இருமல் அடங்கியது என்னவோ உண்மைதான். அது எப்படி அடங்கியது என்று அன்று அவருக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. நெல் வயலில் காற்று அடித்தால் கதிர்கள் அலையலையாய்ச் சாயுமே, அப்படி இவை ஓயாமல் அசைந்து, தூசும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். சிகரெட் புகையிலுள்ள அக்ரோலின், ஹைட்ரஜன் சயனைடு போன்ற நச்சுகள் பட்டதும் இவை சோர்ந்துபோகின்றன. இரவு தூங்கும் ஆறேழு மணி நேரம் புகை படாததால் மெல்லத் தெளிந்து, தேங்கிய சளியை மேலே தள்ளத் தொடங்குகின்றன. காலை இருமல் அதனால்தான் வருகிறது. முதல் சிகரெட் அவற்றை மறுபடி முடக்கிவிடுகிறது. சளி உள்ளேயே தங்குகிறது.

இழுக்கும்போது சிகரெட் நுனியின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் புகையிலை வெந்தும் வேகாமலும் 7,000-க்கு மேற்பட்ட ரசாயனங்களாகச் சிதறுகிறது. அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை.

அவற்றில் பென்சோபைரீன் செய்வதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது. அது எண்ணெய்ப் பசை கொண்ட பொருள், தண்ணீரில் கரையாது. கரைந்தால்தானே சிறுநீரில் வெளியேற்ற முடியும்? அதற்காக நம் உடம்பின் நொதிகள் அதனுடன் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. அந்த வேலையின் நடுவில் உருவாகும் பொருள் மூலத்தைவிடப் பொல்லாதது. டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல்கள் கண்டபடி பெருகாமல் காவல் காக்கும் பி53 என்ற மரபணுவில் அது எங்கே ஒட்டுகிறது என்று 1996-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அந்த மரபணு அதிகம் பழுதாகியிருக்கும் அதே இடங்களில்தான் ஒட்டியிருந்தது. சுத்தம் செய்யப் போன உடம்பே நஞ்சைக் கூர்தீட்டிக் கொடுத்திருக்கிறது.

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நிகோடின் பத்து இருபது விநாடியில் மூளையை எட்டி, அடுத்த சிகரெட்டைத் தேட வைக்கிறது.

விட்டால் பலன் உண்டா? பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர் ரிச்சர்ட் டாலின் குழு, விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்ததாகக் கண்டது. 60 வயதில் விட்டவர்களுக்குக்கூட அதில் மூன்று ஆண்டு மிஞ்சியது. 40-இல் விட்டவர்களுக்கு ஒன்பது.

விட்ட சில வாரங்களுக்குச் சிலருக்கு இருமல் கூடும். "நிறுத்தினதும்தான் நெஞ்சு கெட்டுப்போச்சு" என்று பயந்து மறுபடி பெட்டிக்கடைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நுண்மயிர்கள் தேறி, பழைய சளியை வெளியே தள்ளும் நாட்கள் அவை. பொறுத்துக்கொள்ளுங்கள். சளியில் ரத்தம் கண்டாலோ, வாரக்கணக்கில் இருமல் குறையாவிட்டாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். விடுவதற்குத் துணை வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் பேசலாம்.