புதிய மின்னஞ்சல் சர்வருக்கு மாறும் வாரத்தில் யாரும் 'எஸ்' (Yes) அழுத்த வேண்டாம்

நிறுவனங்கள் சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்தப் பயன்படுத்தும் மென்பொருள் எக்ஸ்சேஞ்ச். அதன் 2016, 2019 ஆகிய இரண்டு பதிப்புகளுக்கும் மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளிலும் சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களில் பலர் இப்போது அதன் அடுத்த பதிப்பான எக்ஸ்சேஞ்ச் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு மாறும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அந்த வேலைக்காகக் கூடும் கூட்டங்களில் பேச்செல்லாம் மெயில்பாக்ஸ்களைப் பற்றித்தான்: எத்தனை ஜிபி, நகர்த்த எத்தனை இரவு ஆகும், வட்டு போதுமா. சர்வர் தன் அடையாளத்தை நிரூபிக்கும் சான்றிதழையும், பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸையும் 'அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைத்துவிடுகிறார்கள். மெயில்பாக்ஸ் பின்னணியில் மெதுவாக நகரும். பயனாளர் அதை உணர்வதுகூட இல்லை. தொல்லை எப்போதும் பெயரிலும் சான்றிதழிலும்தான் வருகிறது, அதுவும் முதல் நாளே வருகிறது.

சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. வேலை நாளில், முற்பகலில் புதிய சர்வரை நிறுவியிருந்தார்கள். ஒரு மெயில்பாக்ஸ்கூட நகரவில்லை. ஆனால் கணக்குப் பிரிவின் திரைகளில் அவுட்லுக் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையைக் காட்டத் தொடங்கிவிட்டது. அங்கே பணியில் இருந்த அம்மா கேட்டார்: "சார், காலையிலிருந்து இந்தப் பெட்டி வந்துகொண்டே இருக்கிறது. 'எஸ்' கொடுத்தால் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். கொடுத்துவிடட்டுமா?" பெட்டியின் தலையில் புதிய சர்வரின் உட்பெயர். கீழே மூன்று வரிகள். தேதி சரி, பெயர் சரி என்று இரண்டுக்குப் பச்சைக் குறி. சான்றிதழை வழங்கியவர் நம்பத்தக்கவரா என்ற முதல் வரியில் மட்டும் எச்சரிக்கைக் குறி.

அந்த மேசையிலிருந்துதான் சரக்கு தருபவர்களுக்கெல்லாம் பணம் போகிறது. அங்கே இருப்பவரிடம் "எச்சரிக்கை வந்தால் 'எஸ்' கொடுங்கள்" என்று நாமே சொல்லிப் பழக்கிவிட்டால், நாளை ஒரு போலி உள்நுழைவுப் பக்கம் இதே மாதிரி எச்சரிக்கையோடு வரும்போது அவர் கை அதே பொத்தானுக்குத்தான் போகும். இதை நான் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. சர்வர் மாற்றத்தில் ஒரு மணி நேரம் மின்னஞ்சல் நின்றால் சமாளித்துவிடலாம். ஊழியர்களின் எச்சரிக்கை உணர்வு மழுங்கிப்போனால் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். நான் அவரிடம் 'நோ' அழுத்தச் சொல்லிவிட்டுச் சர்வர் அறைக்குப் போனேன்.

காரணம் எளிது. எக்ஸ்சேஞ்ச் நிறுவல் முடிந்ததும், 'என்னிடம் வந்து கேளுங்கள்' என்று அலுவலகக் கணினிகளையும் பயனாளர்களையும் பட்டியலிட்டு வைக்கும் ஆக்டிவ் டைரக்டரியில், அவுட்லுக் தன் அமைப்புகளைத் தானே கண்டறிய உதவும் ஓர் ஆட்டோடிஸ்கவர் முகவரியைப் பதிந்துவிடுகிறது. அது அந்த சர்வரின் சொந்த உட்பெயரில் இருக்கும். அலுவலக டொமைனில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள வலையமைப்பில்) சேர்ந்த கணினிகளில் உள்ள அவுட்லுக் அந்த முகவரியைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். அங்கே போனால் இருப்பதோ, நிறுவலின்போது சர்வர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ். அதை எந்தக் கணினியும் நம்பாது. எனவே நிறுவலை அலுவலக நேரம் முடிந்த பிறகு செய்யுங்கள். முடிந்த நிமிடமே செட்-க்ளையன்ட்ஆக்சஸ்சர்வீஸ் கட்டளையால் அந்த முகவரியைப் பழைய சர்வர் பயன்படுத்தும் அதே பொதுப் பெயருக்கு மாற்றுங்கள். அடுத்து, பழைய சர்வரில் உள்ள சான்றிதழை அதன் இரகசியத் தனிச்சாவியோடு பிஎஃப்எக்ஸ் கோப்பாக (இரண்டையும் சேர்த்துக் கடவுச்சொல்லிட்ட கோப்பு) எடுத்துப் புதியதில் ஏற்றி, ஐஐஎஸ் (இணையப் பக்கம்), எஸ்எம்டிபி (மின்னஞ்சல் போக்குவரத்து) சேவைகளுக்கு ஒதுக்குங்கள். வழங்கிய நிறுவனத்தோடு அதை இணைக்கும் இடைநிலைச் சான்றிதழும் கூடவே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கணினியில் சரியாகத் திறந்து கைபேசியில் மட்டும் தகராறு செய்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். அந்த பிஎஃப்எக்ஸ் கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அந்தத் தனிச்சாவி கையில் உள்ள எவரும் உங்கள் சர்வராக வேடமிட முடியும்.

சில அலுவலகங்களில் உள் டொமைன் இன்னும் 'டாட் லோக்கல்' என்று முடிகிறது. அந்தப் பெயரைப் பொதுச் சான்றிதழில் சேர்க்க முடியாது. பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் 2015 நவம்பரோடு அத்தகைய பெயர்களைக் கைவிட்டுவிட்டன. வழி ஒன்றுதான்: அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே பொதுப் பெயர். வெளியிலிருந்து கேட்டால் பொது ஐபியும், உள்ளேயிருந்து கேட்டால் உள் ஐபியும் பதிலாக வர வேண்டும். இதற்காக உள் டிஎன்எஸ்ஸில் நிறுவனத்தின் முழு டொமைனுக்கும் மண்டலம் (பெயர்ப் பதிவுகளின் தொகுப்பு) அமைத்துவிட்டு, இணையதளத்துக்கான பதிவைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். மறுநாள் சொந்த நிறுவனத்தின் இணையதளமே அலுவலகத்தில் திறப்பதில்லை. மின்னஞ்சல் பெயருக்கும் ஆட்டோடிஸ்கவருக்கும் மட்டும் தனித்தனியே சிறு மண்டலம் அமைத்தால் போதும்.

வெளி டிஎன்எஸ்ஸில் தொழில்நுட்பத்தைவிடப் பெரிய சிக்கல், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான். எப்போதோ இணையதளம் வடிவமைத்துக் கொடுத்த தம்பி, டொமைனைத் தன் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருப்பார். இப்போது அவர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். நிறுவனத்தின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எல்லாம் அந்த ஒரு கணக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். முதலாளிக்கு அது தெரிந்தே இருக்காது. இடம் பத்திரப்பதிவு செய்யும்போது வில்லங்கம் பார்க்கும் நாம், டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. புதிய சர்வருக்கு விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே இதைத் தீர்த்துவிடுங்கள். நல்லபடியாகப் பேசி நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும் இரவில் அவரைத் தொலைபேசியில் தேடும் நிலைமை வரக் கூடாது.

டிஎன்எஸ் பதிவுகளை மாற்றுவதாக இருந்தால் டிடிஎல் மதிப்பை (ஒரு பதிலை மற்றவர்கள் எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்பது) முன்கூட்டியே குறைக்க வேண்டும். 86,400 நொடி என்று இருந்தால், மாற்றத்துக்கு ஒரு முழு நாள் முன்னதாகவே 300 ஆக்குங்கள். மாற்றும் நேரத்தில் குறைத்துப் பயனில்லை. பழைய பதிலை நினைவில் வைத்திருப்பவர்கள் ஒரு நாள்வரை அதையே பயன்படுத்துவார்கள். ஆனால் பொது ஐபி மாறவில்லை என்றால் வெளி டிஎன்எஸ்ஸைத் தொடவே தேவையில்லை. ஃபயர்வாலில் மின்னஞ்சல் வரும் 25, இணையவழி அணுகலுக்கான 443 ஆகிய போர்ட்களைப் புதிய சர்வருக்குத் திருப்பிவிட்டு, உள் டிஎன்எஸ்ஸை மாற்றினால் வேலை முடிந்தது. எக்ஸ்சேஞ்ச் 2016இலேயே இருக்கும் மெயில்பாக்ஸ்களுக்கான கோரிக்கைகளைப் புதிய சர்வரே பழையதற்குக் கடத்திவிடும். ஐபி மாறினால் மட்டும் உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப எந்த ஐபிக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவையும், ஐபியிலிருந்து பெயரைக் காட்டும், இணைய சேவை நிறுவனம் (ஐஎஸ்பி) தர வேண்டிய பிடிஆர் பதிவையும் முன்பே தயார் செய்யுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் சரியான பிடிஆர் பதிவை எதிர்பார்க்கிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கே மின்சாரமும் இணைய இணைப்பும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 2011இல் தானே புயலையும் 2024இல் ஃபெஞ்சலையும் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'சர்வர் ஓர் இரவு நின்றால் வரும் மின்னஞ்சலெல்லாம் போய்விடும்' என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படிப் போகாது. உங்கள் சர்வர் பதிலே சொல்லாவிட்டால், அனுப்பும் சர்வர் வழக்கமாக ஒரு நாள் முதல் நான்கைந்து நாள்வரை திரும்பத் திரும்ப முயலும். அரைகுறையாக அமைத்த புதிய சர்வர் 'அப்படி ஒரு முகவரி இல்லை' என்று பதில் சொன்னால்தான் மின்னஞ்சல் அப்போதே திருப்பி அனுப்பப்படுகிறது. சந்தேகம் இருந்தால் 25ஆம் போர்ட்டை மூடியே வையுங்கள்.

சான்றிதழின் ஆயுளும் சுருங்கிக்கொண்டே வருகிறது. 398 நாள் என்று இருந்த உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள். 2027 மார்ச் 15 முதல் 100. 2029 மார்ச் 15 முதல் 47. ஆண்டுக்கு ஒருமுறை நாள்காட்டியில் குறித்துவைத்துப் புதுப்பிக்கும் முறை இனி நடக்காது. புதுப்பித்த சான்றிதழைச் சேவைகளுக்கு ஒதுக்குவது உட்பட எல்லாவற்றையும் தானியங்கியாக அமைப்பதற்கு இந்த மாற்றமே சரியான நேரம். இதற்கு அப்பால், எக்ஸ்சேஞ்ச் தனக்குள் பயன்படுத்தும் ஆத் சான்றிதழ் ஒன்று உண்டு. நிறுவும்போது ஐந்தாண்டுக்கு உருவாகும். பழைய சர்வரோடு வந்ததே புதியதிலும் தொடரும். அது காலாவதியானால் இணையவழி மின்னஞ்சலிலும் நிர்வாகப் பக்கத்திலும் யாரும் நுழைய முடியாது. அதன் தேதியை இப்போதே பார்த்துவிடுங்கள்.

பழைய சர்வரை அவசரப்பட்டு அணைக்க வேண்டாம். ஸ்கேனர், எடைமேடைக் கணினி, பில் அனுப்பும் மென்பொருள் எல்லாம் பெயரைக் கேட்காமல் பழைய ஐபிக்கே நேராக அனுப்பிக்கொண்டிருக்கும். எஸ்எம்டிபி பதிவேட்டைத் திறந்து எந்தெந்தக் கருவி இன்னும் வருகிறது என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் 2019 முதலே இயல்பாக டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) 1.2தான். ஆகவே பழைய டிஎல்எஸ் மட்டுமே பேசத் தெரிந்த ஸ்கேனர்கள் புதிய சர்வரோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஸ்கேன் செய்து அனுப்பிப் பாருங்கள். பதிவேடு ஒரு வாரம் அமைதியாக இருந்தால் சர்வரை அணைத்துவையுங்கள். அதன் பிறகும் யாரும் தேடவில்லை என்றால் மீண்டும் இயக்கி, எக்ஸ்சேஞ்சை முறைப்படி நீக்குங்கள். வட்டை நேரடியாக அழித்துவிட்டால் ஆக்டிவ் டைரக்டரியில் அதன் ஆட்டோடிஸ்கவர் முகவரி அப்படியே தங்கிவிடும். இல்லாத சர்வரைத் தேடி அவுட்லுக் அலையும்.