கேள்விக்குப் பின் வரும் அந்த ஒரு நொடி

பி.எட். படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்குக் கூச்ச சுபாவம். நாலு பேர் முன்னால் பேசுவதற்கே யோசிப்பேன். பயிற்சிக்குப் போன பள்ளியில், வகுப்பு எடுத்தால் கணீரென்று எடுக்க வேண்டும், இல்லையென்றால் பசங்க தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் டீச்சர் ஆகலாமா?"

தாராளமாக ஆகலாம். ஏன் என்பதைச் சொல்ல, சுபாவம் எந்த வழியாக வகுப்புக்குள் நுழைகிறது என்று பார்க்க வேண்டும்.

உளவியலாளர்கள் மனிதர்களின் சுபாவத்தை ஐந்து அளவுகோல்களில் அளக்கிறார்கள்: புதியதை நாடும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனப் பதற்றம். இதெல்லாம் பி.எட். உளவியல் பாடத்திலேயே வந்துவிடும். ஆசிரியர்களின் சுபாவத்தையும் அவர்களின் கற்பித்தலையும் ஒப்பிட்ட 25 ஆய்வுகளைத் திரட்டி 2019-ல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. கலகலப்பானவர்களுக்குக் கொஞ்சம் அனுகூலம் இருப்பது உண்மைதான். ஆனால் கொஞ்சம்தான். அதுவும் "இந்த டீச்சர் எப்படி?" என்று மாணவர்களைக் கேட்டால் தெரிகிற அளவுக்கு, மாணவர்களின் மதிப்பெண்ணில் தெரிவதில்லை.

"டீச்சர் எப்படி?" என்ற கேள்விக்கு நாம் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லிவிடுகிறோம் என்பதற்கு உளவியலாளர் நளினி அம்பாடியின் சோதனையை மிஞ்ச எதுவும் இல்லை. நம் நீலகிரியில் லவ்டேல் பள்ளியில் படித்தவர், பிறகு ஹார்வர்டு போனார். 1993-ல் இன்னொரு உளவியலாளரான ராபர்ட் ரோசந்தாலுடன் சேர்ந்து, கல்லூரியில் பாடம் எடுப்பவர்களின் வீடியோவைச் சத்தமே இல்லாமல், மொத்தம் 30 நொடிகளுக்கு, முன்பின் தெரியாதவர்களிடம் போட்டுக் காட்டினார். அவர்கள் போட்ட மதிப்பெண், அந்தப் பருவம் முழுக்க அந்த ஆசிரியர்களிடம் படித்த மாணவர்கள் கடைசியில் போட்ட மதிப்பெண்ணோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. துண்டுகளை நறுக்கி நறுக்கி மொத்தமே 6 நொடி ஆக்கியபோதும் கணிப்பு பெரிதாகப் பிசகவில்லை. கையில் கிடைத்ததை உருட்டிக்கொண்டே பேசியவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. பாடம் என்ன என்பதே காதில் விழாதபோது!

வாசகி இதைப் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம். அமெரிக்க விமானப்படை அகாதமியில் எந்த மாணவன் எந்தப் பேராசிரியரிடம் போவான் என்பதைக் குலுக்கல் மாதிரிதான் முடிவு செய்கிறார்கள். அதனால் பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்காட் கேரலும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. 2010-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கிய கால்குலஸ் ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தப் பாடத்தில் நன்றாகத்தான் எழுதினார்கள். அடுத்தடுத்த கணக்குப் பாடங்களில் சறுக்கினார்கள். பிடித்த வகுப்பும் நிலைத்து நிற்கிற படிப்பும் ஒன்றல்ல.

ஆக, கணீர்க் குரல் அல்ல விஷயம். எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம். சார் கேட்கிறார்: "ஐஸ் கட்டி தண்ணியில ஏன் மிதக்குது?" யாரும் வாய் திறக்கவில்லை. "யாருக்கும் தெரியாதா? போன வாரம் நடத்தினேனே! அடர்த்தி... அடர்த்தி கு..." என்று இழுக்கிறார். வகுப்பே "...றைவு சார்!" என்று முடித்து வைக்கிறது. "கரெக்ட், அடர்த்தி குறைவு. புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்!" கேள்விக்கும் "யாருக்கும் தெரியாதா" என்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஓடியிருக்கும்?

இதைத்தான் மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1960-களின் கடைசியில் அளக்க ஆரம்பித்தார். 300-க்கும் மேற்பட்ட வகுப்பறை ஒலிநாடாக்களை வைத்துக்கொண்டு, ஆசிரியர் கேள்வியை முடித்ததிலிருந்து மறுபடி வாய் திறக்கும்வரை எவ்வளவு நேரம் என்று கணக்கெடுத்தார். சராசரி ஒரு நொடி. மாணவன் பதில் சொல்லி முடித்த பிறகு ஆசிரியர் அடுத்த வார்த்தையைத் தொடங்குவதற்கும் ஏறக்குறைய ஒரே நொடிதான்.

ஒரு நொடி ஏன்? ஆசிரியர்கள் அவசரக்காரர்கள் என்பதால் அல்ல. மனிதப் பேச்சின் தாளமே அப்படி. உலகின் பத்து மொழிகளில் சாதாரண உரையாடலை அளந்த 2009 ஆய்வு ஒன்றில், ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கான இடைவெளி சராசரியாக 200 மில்லி நொடியை ஒட்டியே இருந்தது. கண் சிமிட்டும் நேரம். (அந்தப் பத்தில் தமிழ் இல்லை. நம் வீட்டுப் பேச்சில் ஒருவர் முடிப்பதற்குள்ளேயே மற்றவர் தொடங்கிவிடுவார் என்பது என் அனுமானம். நம் பல்கலைக்கழகங்களில் யாராவது நிதி கேட்டு அளந்தால் தேவலை.) ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னாலே, மூளை அந்த ஒற்றைச் சொல்லைத் தேடி வாய்க்குக் கொண்டுவர 600 மில்லி நொடி ஆகிறது. பிறகு எப்படி 200-ல் பதில் வருகிறது? எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, நம் பதிலை உள்ளுக்குள் தயார் செய்துவிடுகிறோம். "சாப்பிட்டியா?" என்பதற்கு அது சரிப்படும். "ஐஸ் ஏன் மிதக்குது?" என்பதற்கு முன்கூட்டியே தயார் செய்ய எதுவும் இல்லை. பையன் கேள்வியை வாங்கி, கண்ணாடி டம்ளரை நினைத்துப் பார்த்து, சொல்லைத் தேடி, வாக்கியம் கட்டி, தப்பாகச் சொன்னால் பக்கத்து பெஞ்ச் சிரிக்குமோ என்று தயங்கி, பிறகுதான் கையைத் தூக்க வேண்டும். ஒரு நொடிக்குள் நடக்கிற காரியமா?

எதிரே நிற்கும் ஆசிரியரின் காதோ 200 மில்லி நொடிக்குப் பழகிய காது. ஒரு நொடி மௌனம் அவருக்கு ஐந்து மடங்கு தாமதம். "யாருக்கும் தெரியவில்லை", "நான் சரியாக நடத்தவில்லையோ", "என்னை மதிக்கவில்லையோ" என்று மனம் ஓடுகிறது. சுபாவம் நுழைகிற வாசல் இதுதான் என்பது என் எண்ணம். பதற்றமானவர் உடனே தானே பதிலைச் சொல்லிவிடுவார். கலகலப்பானவர் ஒரு ஜோக் அடித்து நிரப்புவார். கறாரானவர் முதல் பெஞ்சுக் கெட்டிக்காரியை எழுப்புவார். இளகிய மனசுக்காரர் பையன் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பாதிச் சொல்லை எடுத்துக் கொடுப்பார். நாலு சுபாவம், நாலு பாணி. விளைவு ஒன்றே: யோசித்துக்கொண்டிருந்தவனுடைய யோசனை பாதியில் அறுந்துவிடும்.

ரோ ஆசிரியர்களிடம் கேட்டது ஒன்றுதான்: மூன்று நொடி பொறுங்கள். பொறுத்த வகுப்புகளில் பதில்களின் நீளம் மூன்று மடங்கிலிருந்து ஏழு மடங்கு வரை கூடியது. "தெரியாது" என்பதும் வெறும் மௌனமும் குறைந்தன. "ஒருவேளை இப்படி இருக்குமோ" என்ற ஊகங்கள் கூடின. மாணவர்கள் ஒருவர் பேச்சை இன்னொருவர் பிடித்துக்கொண்டு பேசினார்கள். ஆசிரியர்களும் மாறினார்கள்: கேட்ட கேள்விகளின் எண்ணிக்கை குறைந்தது, ரகம் கூடியது. அதிகப் பலன் கொடுத்தது இரண்டாவது இடைவெளி, அதாவது பதில் வந்த பிறகு பொறுப்பது. "கரெக்ட்" என்று பட்டென்று முத்திரை குத்தாவிட்டால், பையன் தன் பதிலை நீட்டுகிறான்: "ஏன்னா சார், பாட்டில்ல தண்ணி வெச்சு ஃப்ரீஸர்ல போட்டா பாட்டில் வீங்குதுல்ல..." அடர்த்தி அவனுக்குப் புரிந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

அதே ஒலிநாடாக்களில் இன்னொன்றும் இருந்தது. நன்றாகப் படிப்பவர் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 2 நொடி கிடைத்தது. படிக்காதவர் என்று நினைத்தவர்களுக்கு 0.9 நொடி. யாருக்கு அதிக நேரம் தேவையோ அவருக்குப் பாதிகூட இல்லை. எந்த ஆசிரியரும் வேண்டுமென்று செய்வதல்ல இது. தன் வகுப்பைத் தானே கேட்டால்தான் பிடிபடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபம். ஆசிரியரின், மாணவரின் சுபாவத்தையும் திறமையையும் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று கைரேகையை ஸ்கேன் செய்யும் 'டி.எம்.ஐ.டி.' சோதனையைப் பள்ளிகளில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே அறிக்கை விட்டாயிற்று. ஜாதகக் கட்டத்துக்கு லேமினேஷன் போட்ட கதை. நம்மிடம் உருப்படியான கருவி ஏற்கெனவே இருக்கிறது: பி.எட்.டில் வரும் நுண்ணிலைக் கற்பித்தல். 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவானது. ஒரே ஒரு திறன், ஐந்து பத்து நிமிடம், பதிவு செய்து பார், மறுபடி எடு. நம் ஊரில் பல இடங்களில் அது ரெக்கார்ட் நோட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, மூடி வைக்கிற சடங்காகிவிட்டது. 'பதிவு செய்து பார்' என்பதுதான் அதன் உயிர். அதைத்தான் முதலில் விட்டுவிட்டோம்.

வாசகி செய்ய வேண்டியதும் அதுதான். செல்போனை மேஜையில் வைத்து ஒரு பீரியடைப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குப் போய் உங்கள் கேள்விகளுக்குப் பின்னால் வரும் மௌனத்தை மட்டும் அளங்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பெயர் போட்டுக் குறியுங்கள். "புரிஞ்சுதா", "இல்லையா", "சரிதானே" எத்தனை முறை வந்தன என்றும் எண்ணுங்கள். தலையாட்டுவதைத் தவிர வேறு பதிலுக்கு இடம் கொடுக்காத வார்த்தைகள் அவை. கூச்ச சுபாவக்காரர்களுக்கு மௌனம் ஏற்கெனவே பழக்கம் என்பதால் மூன்று நொடி உங்களுக்குச் சுலபமாக வரலாம் என்று தோன்றுகிறது.

ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் மூன்று நொடி சும்மா நின்றால் பின்பெஞ்சில் சந்தை கூடிவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான பயம். ஆனால் ரோவின் பதிவுகளில், பொறுத்த வகுப்புகளில் ஆசிரியர் அதட்ட வேண்டிய தருணங்கள் குறைந்தன. அதிகம் கலாட்டா செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்த 0.9 நொடிக்காரர்களாகத்தான் இருப்பார்கள், அவர்களுக்கும் முறை வந்தது என்பது என் விளக்கம். எல்லாக் கேள்விக்கும் இது பொருந்தாது. ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டுவிட்டு மூன்று நொடி நிற்க வேண்டாம். அதைக் கோரஸாகவே சொல்லட்டும்.