டோஃபுவில் நீர் போக வேண்டும், சாஸில் நீர் சேர வேண்டும்

ஓவனில் சுட்ட டோஃபு, அதன்மேல் வேர்க்கடலை சாஸ். சமையல் குறிப்பாக எழுதினால் பத்து வரிகூட வராத எளிய உணவு இது. ஆனாலும் முதல்முறை செய்பவர்களுக்கு இரண்டு குறைகள் அடிக்கடி வந்துவிடுகின்றன. டோஃபு மொறுமொறுப்பாகாமல் சவசவவென்று நின்றுவிடுகிறது. சாஸ் கலக்கக் கலக்க இளகுவதற்குப் பதில் இறுகிப்போகிறது. இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான். டோஃபுவில் அது தேவைக்கு மேல் இருக்கிறது, சாஸில் தேவைக்குக் குறைவாகச் சேர்க்கிறோம். இது பிடிபட்டால் அளவுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

முதலில் டோஃபு. சோயா பாலைக் காய்ச்சும்போது அதிலுள்ள புரத மூலக்கூறுகள் மடிப்புக் கலைந்து விரிகின்றன. அவை எல்லாமே எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாலில் தனித்தனியாகவே மிதக்கின்றன. அப்போது கால்சியம் சல்ஃபேட்டையோ மெக்னீசியம் குளோரைடையோ கலப்பார்கள். கால்சியம், மெக்னீசியம் அயனிகளின் நேர் மின்னூட்டம் அந்தத் தள்ளலைத் தணித்து, புரதங்களை ஒன்றோடொன்று இணைக்கிறது. புரதம் வலையாகப் பின்னிக்கொள்ள, தண்ணீரும் எண்ணெய்த் துளிகளும் வலைக்கண்களில் மாட்டிக்கொள்கின்றன. இதை அழுத்திப் பிழிந்தால் டோஃபு. பிழிந்த பிறகும் கெட்டி வகையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். மிருதுவான வகையில் அது 90 சதவீதத்தை நெருங்கும். ஆகவே ஓவனுக்குக் கெட்டி வகையே ஏற்றது.

இந்தத் தண்ணீர் ஓவனில் என்ன செய்கிறது என்று பாருங்கள். 100 கிராம் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 31 கிலோஜூல் போதும். அதே 100 கிராமை ஆவியாக்க சுமார் 226 கிலோஜூல் வேண்டும், அதாவது ஏழு மடங்கு. ஓவன் 200 டிகிரியில் இருந்தாலும், டோஃபுவின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை உள்ளே வரும் வெப்பமெல்லாம் ஆவியாக்குவதற்கே செலவாகிறது. அந்தப் பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. நிறம் மாறுவதும் வறுத்த மணம் எழுவதும் 140 டிகிரியை ஒட்டித்தான் வேகமெடுக்கும். ஈரம் போகும்வரை உங்கள் டோஃபு வெந்துகொண்டுதான் இருக்கும், சுடாது.

அதனால்தான் டோஃபுவைத் துணியில் சுற்றி மேலே கனம் வைத்து 20 நிமிடம் விடச் சொல்கிறார்கள். இதில் மொத்தத் தண்ணீரில் சிறு பங்குதான் வெளியேறும். ஆனால் அது பரப்பை ஒட்டிய பங்கு, ஓவனில் நேரத்தை முதலில் தின்னப்போவது அதுதான். துண்டுகளைச் சிறிதாக வெட்டுவதும் இதே வேலையைச் செய்கிறது. 4 சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்றை 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் எட்டுத் துண்டுகள், பரப்பளவு இரண்டு மடங்கு. அப்புறம் தட்டில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். நெருக்கி வைத்தால் ஒவ்வொரு துண்டும் விடும் ஆவி பக்கத்துத் துண்டைச் சுற்றியே தேங்கும். காற்றாடி உள்ள ஓவனாக இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், அந்த ஈரக்காற்றை அது விலக்கிக்கொண்டே இருக்கும்.

டோஃபு ஸ்பாஞ்சைப் போல மசாலாவை உறிஞ்சிக்கொள்ளும் என்று பலரும் நம்புகிறார்கள். சாதாரண டோஃபுவுக்கு இது பொருந்தாது. அதன் வலைக்கண்கள் மிக நுண்ணியவை, ஏற்கெனவே தண்ணீரால் நிறைந்தவை. உப்பு மெதுவாக ஊடுருவும். எண்ணெயும் பூண்டின் மணமும் பரப்பிலேயே நின்றுவிடும். ஊடுருவ ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, இரண்டு மடங்கு ஆழம் என்றால் நான்கு மடங்கு நேரம். எனவே இரவு முழுக்க ஊறவைப்பதைவிட மெல்லியதாக வெட்டி அரை மணி ஊறவைப்பது நல்லது என்பது என் கருத்து. நிஜமாகவே உறிஞ்ச வேண்டும் என்றால் டோஃபுவை உறையவைத்துப் பாருங்கள். பனிப்படிகங்கள் வளரும்போது புரதத்தை ஓரமாக ஒதுக்கி நெருக்குகின்றன. நெருங்கிய புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. பனி உருகிய பிறகு அந்த இடங்கள் கண்ணுக்குத் தெரியும் துளைகளாகவே இருந்துவிடும். பிழிந்தால் தண்ணீர் கொட்டும், சாஸில் போட்டால் உறிஞ்சும். மெல்லும்போது தன்மையே வேறு, இறுக்கமாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த முறைதான்.

பொன்னிறத்துக்குக் காரணம், பிரெஞ்சு அறிவியலாளர் லூயி காமில் மெய்லார்டு 1912இல் விவரித்த வினை. அமினோ அமிலங்களும், அவற்றோடு நேரடியாக வினைபுரியக்கூடிய குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் வகைச் சர்க்கரைகளும் வெப்பத்தில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருட்களையும் பழுப்பு நிறத்தையும் உண்டாக்குகின்றன. டோஃபுவில் புரதத்துக்குக் குறைவில்லை, அந்த வகைச் சர்க்கரைதான் போதவில்லை. சோயாவில் இருக்கும் சுக்ரோஸ், ராஃபினோஸ், ஸ்டேக்கியோஸ் மூன்றுமே ஒடுக்கும் வகையல்ல. அவற்றிலும் பெரும்பகுதி பிழியும்போது நீரோடு போய்விடுகிறது. இங்கேதான் சோயா சாஸ் கைகொடுக்கிறது. நொதித்தலின்போது பூஞ்சையின் நொதிகள் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைத்திருப்பதால், அதில் குளுக்கோஸும் தனி அமினோ அமிலங்களும் தயாராக இருக்கின்றன. துண்டுகள்மீது ஒரு மேசைக்கரண்டி பூசினால் போதும், நிறம் சீக்கிரம் ஏறும். தேன் சேர்ப்பதானால் கடைசி ஐந்து நிமிடத்தில் சேருங்கள், முன்பே சேர்த்தால் கருகிவிடும்.

மேலே தூவும் கார்ன்ஃப்ளாரும் வீண் அலங்காரம் அல்ல. அது பரப்பின் ஈரத்தை உறிஞ்சி, 70 டிகிரியை ஒட்டி வீங்கிக் கூழாகி, பின்பு காய்ந்து இறுகிய மெல்லிய ஓடாகிறது. கடித்தால் நொறுங்குவது அந்த ஓடுதான். கூடவே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் புரட்டினால் தட்டின் சூடு துண்டுக்குச் சீராகப் போகும். 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான்.

சரி, இப்போது சாஸ். இந்த உணவிலேயே எனக்கு அதிக வியப்பைத் தருவது இதுதான். வேர்க்கடலையில் பாதியளவு எண்ணெய், கால் பங்கு புரதம். வறுத்து அரைத்தால் கிடைக்கும் பீனட் பட்டரில், புரதமும் மாவுச்சத்தும் கொண்ட நுண்துகள்கள் எண்ணெயில் மிதக்கின்றன. துகள்களைச் சூழ்ந்திருக்கும் வெளிச்சூழல் எண்ணெய் என்பதால்தான் அது வழிகிறது. இதில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் இளகும் என்று எதிர்பார்ப்போம். நடப்பது நேர்மாறு. அந்தக் கொஞ்சத் தண்ணீர் எண்ணெயோடு சேராமல் துகள்களைத் தேடிப்போய் நனைக்கிறது. நனைந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. கரண்டியைத் திருப்பவே முடியாதபடி சாஸ் இறுகுகிறது. சாஸ் கெட்டுவிட்டதென்று பலர் கைவிடும் இடம் இதுதான்.

கைவிடாதீர்கள், இன்னும் தண்ணீர் விடுங்கள். ஒவ்வொரு கரண்டியாக வெந்நீர் சேர்த்துக் கலக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் சாஸ் சட்டென்று இளகி வழவழப்பாகும். அதுவரை எண்ணெய்க்குள் தண்ணீர் சிதறியிருந்தது, இப்போது தண்ணீருக்குள் எண்ணெய் துளித்துளியாகச் சிதறிவிட்டது. கடலையின் புரதம் ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றிப் படர்ந்து, துளிகள் மீண்டும் சேராமல் காக்கிறது. நிறத்தைக் கவனித்தால் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும். நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் பழுப்பு வெளுத்துப் பால்பழுப்பாகிறது. சுவையும் மாறுகிறது. உப்பும் புளிப்பும் தண்ணீரில் கரைபவை. தண்ணீர் வெளிச்சூழலாகிவிட்டால் அவை நாக்கைத் தடையின்றித் தொடுகின்றன. வறுத்த கடலையின் மணமும் மிளகாயின் காரமும் எண்ணெயில் தங்கி, சற்று நிதானமாக வருகின்றன.

நான்கு மேசைக்கரண்டி பீனட் பட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, நசுக்கிய பூண்டு, மிளகாய்த்தூள். வெந்நீரை மட்டும் கடைசியில் சேருங்கள். எலுமிச்சையின் அமிலம் புரதத்தின் மின்னூட்டத்தைக் குறைத்துத் திரளவைப்பதால் சாஸ் கொஞ்சம் தடிமனாகும். அதற்குப் பிறகு பதம் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் தண்ணீர் வற்றி எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். அப்போதும் மருந்து அதே வெந்நீர்தான். பரிமாறும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வேர்க்கடலை, சோயா இரண்டுமே சிலருக்குக் கடும் ஒவ்வாமை தருபவை.

சாஸைத் துண்டுகள்மீது ஊற்றிவிட்டு நேரம் கடத்தக் கூடாது. காய்ந்த மாவு ஓடு சாஸின் நீரை மேலிருந்தும், டோஃபுவின் ஆவியைக் கீழிருந்தும் வாங்கித் தளர்ந்துவிடும். தொட்டுச் சாப்பிட்டால் கடைசித் துண்டுவரை மொறுமொறுப்பு நிற்கும். மிஞ்சிய டோஃபுவை மூடி போடாமல் ஆறவிட்டு, பிறகு குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம். அது உட்புற நீரை ஆவியாக்கி ஓட்டுக்குள் தள்ளும். ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் ஓடு திரும்பக் காயும். மிஞ்சிய சாஸ் இரவுக்குள் இறுகியிருக்கும், துகள்கள் அதுவரை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கும். இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்குங்கள்.