பரீட்சை வந்தால் பீரியட்ஸ் ஏன் தள்ளிப்போகிறது?

"செமஸ்டர் வந்தாலே பீரியட்ஸ் தள்ளிப்போகுது. டென்ஷன்தான் காரணமா, இல்லை அம்மா சொல்ற மாதிரி கண் பட்டிருக்கா?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார். கண்ணை விடுங்கள். டென்ஷனுக்கு மூளைக்குள் நிஜமாகவே வழி இருக்கிறது.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், அது சூலகத்தைத் தூண்டும், பள்ளியில் படித்ததுதான். முதல் தூண்டலைத் தரும் ஹார்மோன் ஜிஎன்ஆர்ஹெச். அது விட்டு விட்டுத்தான் சுரக்க வேண்டும். எர்ன்ஸ்ட் க்னோபில் என்ற ஆய்வாளர் 1970-களில் குரங்குகளுக்கு அதை இடைவிடாமல் ஏற்றியபோது பிட்யூட்டரி அடங்கிப்போனது. மணிக்கொரு தடவை கொடுத்ததும் மறுபடி வேலை செய்தது.

சரி, இப்போது கார்ட்டிசால். டென்ஷனில் அட்ரினல் சுரப்பி வெளியிடும் ஹார்மோன் அது. செல்லுக்குள் சுலபமாகப் புகுந்து, தன் ஏற்பியோடு சேர்ந்து நியூக்ளியஸுக்குப் போகும். வழக்கமாக அந்த ஏற்பி டிஎன்ஏவில் தனக்குரிய இடத்தில் நேராக ஒட்டிக்கொள்ளும். சுண்டெலியின் ஜிஎன்ஆர்ஹெச் மரபணுவில்தான் வேடிக்கை. அதன் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஓரிடத்தில் ஆக்ட்-1 என்ற புரதம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. சீட் கிடைக்காதவர் உட்கார்ந்திருப்பவர்மேல் சாய்ந்துகொண்டே பயணம் செய்வதுபோல, ஏற்பி அந்த ஆக்ட்-1ஐப் பற்றிக்கொண்டு நிற்கிறது. டிஎன்ஏவைத் தொடுவதில்லை. ஆனாலும் அந்த மரபணுவிலிருந்து, ஹார்மோன் தயாரிக்கத் தேவையான ஆர்என்ஏ எடுக்கப்படுவது குறைந்துவிடுகிறது!

இது தெரியவந்தது சுண்டெலியின் மூளைக் கட்டியிலிருந்து வளர்த்த ஜிடி1-7 செல்களில். மூளையில் ஜிஎன்ஆர்ஹெச் சுரக்கும் நியூரான்கள் கொஞ்சம்தான், அதுவும் சிதறிக் கிடக்கின்றன; அந்தச் செல்கள் இல்லாவிட்டால் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்க முடியாது. எலிக் கட்டி ஆராய்ச்சிக்கெல்லாம் எதற்குக் காசு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

உயிருள்ள விலங்கில் இன்னொரு பிரேக்கும் உண்டு. 2000-இல் ஜப்பானில் கசுயோஷி சுட்சுய் குழுவினர் காடை மூளையில் ஜிஎன்ஐஹெச் என்ற, இனப்பெருக்க ஹார்மோன்களைத் தடுக்கும் ஹார்மோனைக் கண்டார்கள். எலிகளை அசையவிடாமல் வைத்து அழுத்தம் கொடுத்தால் அதற்கு இணையான ஹார்மோனின் மரபணு கூடுதலாக இயங்குகிறது. அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்டால் அப்படி நடப்பதில்லை. இது கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2009-இல் காட்டியது. 2015-இல் அதே மரபணுவைப் பெண் எலிகளில் அடக்கினார்கள். நாள்கணக்கில் மன அழுத்தம் கொடுத்த பிறகும் அவை அழுத்தமில்லாத எலிகளைப்போலவே கருவுற்றன.

அழுத்தம் அப்படியே இருக்க, ஒரே ஒரு மரபணுவை அடக்கியதில் வந்த மாற்றம் அது. குழந்தையில்லாத பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் "டென்ஷன் ஆகாதேம்மா, தானா தங்கும்" என்று உபதேசிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். தைராய்டு, பிசிஓஎஸ் என்ற சூலகப் பிரச்சினை என்று வேறு காரணங்களும் நிறைய உண்டு. கேள்வி கேட்ட தங்கைக்கு: மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் பரீட்சையைக் காரணம் சொல்லாமல் டாக்டரைப் பாருங்கள்.