பிங்கை ஏற்றுவது வேகமா, வரிசையா?

“100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. ஆனாலும் வீட்டில் யாராவது வீடியோ அப்லோட் செய்ய ஆரம்பித்தால் ஷூட்டர் கேமில் பிங் 30-லிருந்து 400-க்குத் தாவுகிறது. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?”

பெரும்பாலும் பணம்தான் வீணாகும். பிங் என்பது ஒரு செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், மில்லிசெகண்டில். ஷூட்டர் கேம் அனுப்பும் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) மிகச் சிறியவை. ஒவ்வொன்றும் சுமார் 100 பைட், நொடிக்குச் சில டஜன், அவ்வளவுதான். அதற்குத் தேவை அகலமான பாதை அல்ல, காத்திருக்காமல் போகும் பாதை.

முதலில் லேக் (ஆட்டத்தில் வரும் தடங்கல்) எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடுவோம். திரை முழுவதும் விக்கித்து, மவுஸைத் திருப்பும்போதே தடங்கினால் கோளாறு கணினியில். திரை வழவழப்பாக ஓடுகிறது, ஆனால் எதிராளி தாவித்தாவி வருகிறார், நீங்கள் ஓடிய இடத்திலிருந்து பின்னால் இழுக்கப்படுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் நெட்வொர்க்கில். விண்டோஸில் இரண்டு கமாண்ட் ப்ராம்ப்ட் திறங்கள். ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கும் (பல வீடுகளில் 192.168.1.1), இன்னொன்றில் 1.1.1.1-க்கும் (இணையத்தில் உள்ள ஒரு பொது சர்வர்) தொடர்ச்சியாக பிங் ஓடட்டும். ரவுட்டருக்கான எண்ணே 2, 3, 80, 4 என்று துள்ளினால் குற்றவாளி வைஃபை. ஈதர்நெட் கேபிளைச் செருகுங்கள். அதுவே பலருக்குத் தீர்வு. ரவுட்டர் வரை சீராக இருந்து, ஒரு பெரிய கோப்பை அப்லோட் செய்யும்போது மட்டும் 1.1.1.1-க்கான எண் நூற்றுக்கணக்கில் ஏறினால், அது பஃபர்ப்ளோட்.

2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் இந்தப் பெயரைப் பிரபலமாக்கினார். விஷயம் இதுதான். உங்கள் மோடத்தில் வெளியே போகும் பாக்கெட்டுகள் தங்கிச் செல்ல ஒரு பஃபர் உண்டு. நினைவகச் சில்லுகள் மலிவானதும் அதைத் தாராளமாகப் பெரிதாக்கினார்கள், பாக்கெட் எதுவும் தொலையக்கூடாது என்ற நல்லெண்ணத்தில். ஆனால் கோப்புகளை அனுப்பும் நெறிமுறையான டிசிபி வேலை செய்யும் விதமே வேறு. 1988-ல் வான் ஜேக்கப்ஸன் விளக்கிய முறைப்படி, அனுப்பும் கணினி மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஒரு பாக்கெட் தொலைந்தால்தான் ‘பாதை நிறைந்துவிட்டது’ என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். பெரிய பஃபர் அந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது. எதுவும் தொலையவில்லை, எனவே இன்னும் அனுப்பலாம் என்று நினைத்து அது பஃபரை விளிம்பு வரை நிரப்புகிறது.

கணக்குப் போடுங்கள். அப்லோட் 10 எம்பிபிஎஸ், பஃபர் 1 எம்பி. அதாவது 80 லட்சம் பிட் வரிசையில் நிற்கிறது. அது வடிய 0.8 நொடி ஆகும். உங்கள் 100 பைட் பாக்கெட் தானாகக் கடக்க 0.08 மில்லிசெகண்ட் போதும். ஆனால் வரிசையின் கடைசியில் போய் நிற்பதால் 800 மில்லிசெகண்ட் காத்திருக்கிறது. நீங்கள் சுட்ட குண்டு அந்த வரிசையில் நிற்கும்போது எதிராளி சுவருக்குப் பின்னால் போய்விட்டார்.

இதற்கு 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்ஸனும் கண்ட தீர்வு கோடெல். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதே இல்லை. உள்ளே வரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் நேரம் குறித்து, வெளியேறும்போது எவ்வளவு நேரம் நின்றது என்று மட்டும் பார்க்கிறது. திடீரென்று நூறு பாக்கெட் வந்து சட்டென வடிந்தால் பரவாயில்லை, பஃபர் இருப்பதே அதற்குத்தான். ஆனால் 100 மில்லிசெகண்ட் முழுக்க ஒரு தடவைகூட காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவில்லை என்றால், வரிசை தேங்கிவிட்டது என்று பொருள். உடனே ஒரே ஒரு பாக்கெட்டைக் கைவிடுகிறது. தேக்கம் நீடித்தால் அடுத்தடுத்த இடைவெளிகள் 100, 71, 58, 50 மில்லிசெகண்ட் எனச் சுருங்குகின்றன. 100-ஐ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருபவை அவை. அப்லோட் செய்யும் கணினிக்குச் செய்தி மென்மையாகப் போய்ச் சேர்கிறது. என்ன அழகான யோசனை!

பின்னர் வந்த எஃப்கியூ-கோடெல், கேக் இரண்டும் ஒவ்வொரு தரவு ஓட்டத்துக்கும் தனி வரிசை தருகின்றன. எப்போதாவது ஒரு சின்ன பாக்கெட் அனுப்பும் கேமின் வரிசை பெரும்பாலும் காலியாகவே இருப்பதால் அதற்கு முதலில் வழி கிடைக்கிறது. இந்த நிரல்களை லினக்ஸில் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். கண்ணுக்குத் தெரியாத இத்தகைய அடிப்படை வேலைக்கு ஆராய்ச்சி நிதி இன்னும் தாராளமாக வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான திறந்த மென்பொருள்) ஓடினால் ‘லூசி-ஆப்-எஸ்கியூஎம்’ (luci-app-sqm) பொதியை நிறுவுங்கள். வரிசையைக் கட்டுப்படுத்தும் வசதிதான் எஸ்கியூஎம். இணைப்பில் யாரும் இல்லாத நேரத்தில் வேகத்தை அளந்து, அதில் 90 சதவீதத்தை கிலோபிட்டில் கொடுங்கள்: 10 எம்பிபிஎஸ் அப்லோட் என்றால் 9000. கியூ டிசிப்ளின் கேக், இன்டர்ஃபேஸ் WAN (இணையப் பக்கம்). ஏன் 90? வரிசை எப்போதும் மிகக் குறுகலான இடத்தில்தான் உருவாகும். இப்போது அது நம் கைக்கு எட்டாத மோடத்தில் இருக்கிறது. ரவுட்டரை மோடத்தைவிடக் கொஞ்சம் குறுகலாக்கினால் வரிசை ரவுட்டருக்கு இடம் மாறும், அங்கே கேக் காவல் நிற்கும். டவுன்லோடுக்கும் இதே விகிதம். பிங் இறங்கவில்லையா? ஹார்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங் அணைந்திருக்கிறதா பாருங்கள். இயங்கினால் பாக்கெட்டுகள் எஸ்கியூஎம்-ஐத் தொடாமலே போய்விடும். வேகம் பாதியாகக் குறைந்துவிட்டால் ரவுட்டரின் சிப்பால் சமாளிக்க முடியவில்லை என்று அர்த்தம். 4ஜி, 5ஜி இணைப்பில் வேகம் நொடிக்கு நொடி மாறுவதால் நிலையான எண் சரிவராது. இன்னும் தாழ்த்தி வையுங்கள்.

எஸ்கியூஎம் இல்லாத ரவுட்டரா? கிளவுட் பேக்கப்பின் அப்லோட் வேகத்துக்கு வரம்பு போடுங்கள். விண்டோஸ் அப்டேட்டில் டெலிவரி ஆப்டிமைசேஷனுக்குள் போய், மற்ற கணினிகளோடு பகிரும் வசதியை அணையுங்கள்.

டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்பது மூடநம்பிக்கை. சர்வரின் முகவரியைத் தேடும்போதுதான் டிஎன்எஸ் தேவை. ஆட்டம் ஓடும்போது அதற்கு வேலையில்லை. சின்ன பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து அனுப்பும் நேகல் முறையை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் அணைக்கும் வித்தையும் அப்படித்தான். அது டிசிபி-க்கானது, ஷூட்டர் கேம்களின் ஓட்டம் பெரும்பாலும் யூடிபி என்ற வேறு நெறிமுறையில் போகிறது.

கணினிக்குள்ளும் இதே கதை உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு 99 சதவீதம் உழைக்கும்போது பிராசஸர் முன்கூட்டியே ஃப்ரேம்களைத் தயாரித்து வரிசையில் நிறுத்துகிறது. 60 எஃப்பிஎஸ்-ல் மூன்று ஃப்ரேம் நின்றால் 50 மில்லிசெகண்ட் தாமதம். இந்த வரிசையைக் குறைக்கும் என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் வசதி கேமில் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால், கார்டு 95 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் அளவுக்கு எஃப்பிஎஸ்-க்கு வரம்பு வையுங்கள்.

மிச்சமிருப்பது தூரம். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சர்வர் 3000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 30 மில்லிசெகண்ட் எப்படியும் ஆகும். கேமின் அமைப்புகளில் அருகிலுள்ள பிராந்தியத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்தப் பெரிய கோப்பை மறுபடி அப்லோட் செய்தபடி 1.1.1.1-க்கு பிங் ஓட்டிப் பாருங்கள். ஏற்றம் 10 மில்லிசெகண்டுக்குள் நின்றால் எஸ்கியூஎம் அமைப்பு சரி. அதற்கு மேல் போனால் 9000-ஐ 8500 ஆக்குங்கள்.