குறிச்சொல் தவறினால் கேள்வி உரியவர் கண்ணில் படாது

பாளையங்கோட்டை வட்டாரக் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு மென்பொருள் துறையிலிருந்து வழிகாட்டி வரும் எனக்கு, "ஆன்லைன்ல கேட்டுப் பாத்துட்டேன் சார், ஒருத்தரும் பதில் சொல்லல" என்ற குறை நன்கு பழகிப்போனது. அந்தக் கேள்விகளைத் திறந்து பார்த்தால், பல வேளைகளில் கேள்வி தெளிவாகவே இருக்கும். கேள்வி எதைப் பற்றியது என்று காட்ட அதனுடன் இடும், டேக் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் குறிச்சொற்களில்தான் கோளாறு இருக்கும்.

2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட, நிரல் எழுதுவோருக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு கேள்விக்குக் குறைந்தது ஒரு குறிச்சொல் இட வேண்டும். ஐந்துக்கு மேல் இட முடியாது. பதில் எழுதும் அனுபவசாலிகள் பலர், தமக்குத் தெரிந்த குறிச்சொற்களைக் கண்காணிப்பில் வைத்து, வேண்டாதவற்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றை மட்டுமே பார்க்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் கேள்விக்கு ஜாவா என்று குறித்துவிட்டால், அது தொடர்பே இல்லாதவர்கள் முன்னால் போய் நிற்கும்.

விடுதி மெஸ் பில் கணக்கிடும் செயலியை, பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும் ஜாங்கோவில் எழுதிய ஒரு மாணவர், கடைசிப் பத்து பில்களை மட்டும் எடுக்கும் தரவுத்தள வினவலில் சிக்கிக்கொண்டு, எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், பூட்ஸ்ட்ராப், பைத்தான், எஸ்க்யூஎல் என்று செயலியில் இருப்பதையெல்லாம் குறித்துவிட்டார். 'செலக்ட் டாப் 10' என்று எழுதும்படி பதில் வந்தது. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்துக்கு அது சரியான விடைதான். அவரிடம் இருந்ததோ மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு தரவுத்தளம். அங்கே வினவலின் இறுதியில் 'லிமிட் 10' என்று வர வேண்டும் என்பதால், பதிலை அப்படியே ஒட்டியவருக்கு மறுபடியும் பிழைச் செய்திதான் கிடைத்தது. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டியில் 'தென்காசி' என்று மட்டும் எழுதியிருந்தால், கடையத்துக்குப் போகிறவர் ஏறலாமா கூடாதா என்று எப்படித் தெரியும்? ஆலங்குளம் வழியா, அம்பாசமுத்திரம் வழியா என்பதும் பலகையில் இருக்க வேண்டுமல்லவா? வினவல் மொழியைக் குறிக்கும் எஸ்க்யூஎல் என்ற பொதுச் சொல்லோடு தரவுத்தளத்தின் பெயரையும் சேர்ப்பது அதைப் போன்றதே. அவருடைய சிக்கலுக்கு அந்த இரண்டு குறிச்சொற்களே போதும். பூட்ஸ்ட்ராப்புக்கு அங்கே வேலையே இல்லை.

உரையில் குறிப்பிட்ட எழுத்து வடிவத்தைத் தேடும் ரெஜெக்ஸ் பற்றிய கேள்விகளிலும் இதே நிலைதான். தேடும் பகுதிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பின்னோக்கிச் சரிபார்க்கும் அமைப்புக்கு (லுக்பிஹைண்ட்) பைத்தானின் 'ரீ' தொகுப்பு நிலையான நீளத்தைக் கேட்கும். இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் அப்படிக் கேட்பதில்லை. மொழியைக் குறிக்காமல் ரெஜெக்ஸ் என்று மட்டும் இட்டால், பதில் சொல்பவர் ஊகித்துத்தான் எழுத வேண்டியிருக்கும். பதிப்பு எண்ணுள்ள குறிச்சொல்லை, விடை பதிப்புக்கேற்ப மாறும் இடத்தில் மட்டும் சேர்த்தால் போதும்.

'தொடக்கநிலை', 'பிழை', 'உதவி' போன்றவை கேட்பவரின் நிலையைச் சொல்கின்றனவே தவிர, சிக்கல் எதைப் பற்றியது என்பதைச் சொல்வதில்லை. 'வீட்டுப்பாடம்' என்ற குறிச்சொல்கூட அந்தத் தளத்தில் ஒரு காலத்தில் இருந்து, பிறகு நீக்கப்பட்டது. (நம் மாணவர்களுக்கு அது வருத்தமான செய்தியாக இருக்கலாம்.)

குறிச்சொல்லைத் தட்டச்சு செய்யும்போது அதன் கீழே தோன்றும் சிறு விளக்கத்தைப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். இணையச் செயலி எழுத உதவும் ஆங்குலர் கட்டமைப்பில், ஆங்குலர்ஜேஎஸ் என்பது முதல் பதிப்பு வரிசைக்கும், ஆங்குலர் என்பது 2ஆம் பதிப்பு முதலானவற்றுக்கும் உரியது என்பது போன்ற வேறுபாடுகளை அங்கேயே சொல்லியிருப்பார்கள். தவறாகக் குறித்திருந்தால் அதே கேள்வியைப் புதிதாக மீண்டும் இட வேண்டாம். பழைய கேள்வியின் குறிச்சொற்களைத் திருத்தினாலே அது அண்மைய செயல்பாட்டு வரிசையில் மீண்டும் மேலே வந்துவிடும்.