கரண்ட் வந்ததும் புரோகிராம் தானாகக் கிளம்புவது எப்படி?

வேளச்சேரி அபார்ட்மெண்ட் ஒன்றின் சம்ப்பில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மோட்டாரை நிறுத்தும் சின்ன லினக்ஸ் போர்டு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கரண்ட் போய்த் திரும்பும்போதெல்லாம் வாட்ச்மேன் லாகின் செய்து கட்டளை அடித்துக்கொண்டிருக்க மாட்டார். புரோகிராம் தானே கிளம்ப வேண்டும்.

மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் ரோம் நிரல். அது பூட்லோடரை, அதாவது லினக்ஸை ஏற்றித் தரும் நிரலை, எழுப்பும். பல போர்டுகளில் அது யூ-பூட். யூ-பூட் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை ராமில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கெர்னல், கோப்புகள் இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டத்தை இணைத்துவிட்டு (மவுண்ட்) இனிட் என்ற புரோகிராமைத் தொடங்கும். அதுதான் பிராசஸ் எண் 1. இனிட் எங்குமே கிடைக்காவிட்டால், கடைசியாக ஒரு ஷெல்லாவது (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) உண்டா என்று கெர்னல் பார்க்கும். அதுவும் இல்லையென்றால் பேனிக் ஆகி நின்றுவிடும். நம் புரோகிராமைத் தொடங்குவது இனிட்டின் வேலை.

சரி, இனிட்டிடம் எப்படிச் சொல்வது? சின்ன போர்டுகளுக்கு லினக்ஸ் சிஸ்டம் கட்டித் தரும் பில்ட்ரூட் என்ற கருவியில் உருவாக்கிய சிஸ்டத்தில், வழக்கமாக பிஸிபாக்ஸ் என்ற தொகுப்பின் எளிய இனிட்தான் இருக்கும். இனிட்-டி அடைவில் எஸ் எழுத்தும் இரண்டு இலக்கமும் கொண்டு தொடங்கும் பெயரில் ஸ்கிரிப்ட் வைத்தால், எண் வரிசையில் ஓடும். நெட்வொர்க் வழக்கமாக 40. நம்முடையதற்கு 99 கொடுக்கலாம். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு ஸ்கிரிப்ட் முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். முடிவில்லாமல் சுற்றும் புரோகிராமை அப்படியே அழைத்தால் பூட் அங்கேயே நின்றுவிடும். சீரியல் கன்சோலில் லாகின் கூட வராது. அதனால் அதைப் பின்னணிக்கு அனுப்ப வேண்டும்.

அனுப்பினாலும், அது நடுவில் செத்தால் கவனிக்க ஆளில்லை. மோட்டார் விஷயத்தில் இது ஆபத்து. எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: இனிட் படிக்கும் அமைப்புக் கோப்பான இனிட்டாப்பில் ரெஸ்பான் என்று ஒரு வரி. புரோகிராம் விழுந்தால் இனிட்டே மறுபடி எழுப்பும். ஆனால் இங்கே விதி தலைகீழ். புரோகிராம் தானாகப் பின்னணிக்குப் போனால், அது இறந்துவிட்டதாக எண்ணி இனிட் இன்னொன்றைக் கிளப்பும், அப்புறம் இன்னொன்றை. முதல் வழியில் அவசியமான பின்னணி ஓட்டம் இங்கே வினை.

சிஸ்டம்-டி என்ற பெரிய இனிட் உள்ள போர்டில், விழுந்த புரோகிராமை மறுபடி எழுப்ப, அதற்கான சர்வீஸ் கோப்பில் ரீஸ்டார்ட் என்பதை ஆல்வேஸ் என்று வைத்தால் போதும். ஆனால் இயல்பான அமைப்பில் 10 வினாடிக்குள் 5 முறை தொடங்கியும் புரோகிராம் விழுந்துகொண்டே இருந்தால் சிஸ்டம்-டி கைவிட்டுவிடும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, பூட்டில் ஓடவில்லையா? லாகின் ஷெல் அமைத்துத் தரும் பாத் (கட்டளைகளை எந்த அடைவுகளில் தேடுவது என்ற பட்டியல்) முதலான சூழல் மாறிகள் அங்கே அப்படியே இருக்காது. முழுப் பாதையையும் எழுதுங்கள். பரிசோதிக்கும்போது ரீபூட் கட்டளையோடு நிறுத்தாமல் பிளக்கையும் பிடுங்கிப் பாருங்கள். ரீபூட் கட்டளை, இன்னும் எழுதப்படாமல் கிடக்கும் தரவை ஃபிளாஷில் சேர்த்துவிட்டுத்தான் அணையும். கரண்ட் கட் அந்த அவகாசத்தைத் தராது.